டோக்கன் இல்லாத ஆள்

என் அக்காவுக்கு ஒரு இடத்தில் உட்காரவே வராது. மழைக்காட்டுச் சரணாலயத்தின் வாசலில் பதினாறு வருஷமாக டோக்கன் கொடுக்கிறாள். அவளுக்குப் போட்ட நாற்காலி இன்னும் புத்தம் புதுசாக இருக்கிறது. பக்கத்துக் கூண்டில் டிக்கெட் கிழிப்பவன் நான்.

சுவரில் ஒரு பலகை, அதில் நாற்பது கொக்கி, கொக்கிக்கு ஒரு பித்தளை டோக்கன். உள்ளே போகிறவர் கழுத்தில் ஒன்றை மாட்டி அனுப்புவாள், திரும்பி வந்ததும் கழற்றி வாங்குவாள். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், கேட்டைப் பூட்டக் கூடாது. குரங்கைப் பார்த்தோம், இருவாச்சிப் பறவையைப் பார்த்தோம் என்று வருகிறவர்கள் கதை அளப்பார்கள். இவள் கண்ணெல்லாம் அவர்கள் கழுத்தில்தான். இத்தனை வருஷத்தில் முதல் வளைவைத் தாண்டி அவள் போனதே இல்லை. "அட்டை கடிக்கும்டா" என்பாள். கட்டிக்கொண்டது மட்டும் காட்டு வழிகாட்டியை!

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் நாற்பது கொக்கியும் நிறைந்துவிட்டது. வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வேனும் போயாயிற்று. நான் பூட்டோடு நின்றேன். அக்கா பலகைக்கும் கேட்டுக்குமாக நடையாய் நடந்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? கிளம்புக்கா, பசிக்குது."

"சரியாத்தான் இருக்கு" என்றவள் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நூறு தடவை எண்ணினாலும் நாற்பதுதான். நாற்பத்தொண்ணு ஆயிடுமா?" என்று கத்திவிட்டேன்.

அவள் விரல் பலகையிலேயே நின்றது. "மாமா எங்கடா?"

வழிகாட்டிகளுக்கு டோக்கன் கிடையாது. காடு தெரிந்தவருக்கு எதற்கு என்று என்றைக்கோ யாரோ முடிவு பண்ணியது. சில நாள் மாமா ஓடைப் பக்கத்துக் குறுக்குவழியில் நேரே வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டுக்கு போன் போட்டோம். இன்னும் வரவில்லை என்றாள் அக்கா மகள். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த இன்னொரு வழிகாட்டியைக் கேட்டால், அவன் தலையைச் சொறிந்தான்.

"தொலைநோக்கிய விட்டுட்டேன்னு ஒரு அம்மா அழுதாங்க. நீ இவங்களக் கூட்டிட்டுப் போ, நான் எடுத்து நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்னாரு. மூணு மணி இருக்கும். வீட்டுக்குப் போயிருப்பாருன்னு நெனச்சேன்."

அக்கா பலகைப் பக்கம் திரும்பினாள். "யார் யாரையோ எண்ணினேன். என் வீட்டு ஆள எண்ணலையேடா."

கடைசி இரண்டு டோக்கனையும் வெடுக்கென்று எடுத்தாள். ஒன்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டாள். "இது அவருக்கு. ரெண்டும் வர்ற வரைக்கும் பூட்டக் கூடாது, தெரியுதா?"

செருப்பைக்கூட மாற்றாமல் ஓடினாள். அந்த வழிகாட்டி டார்ச்சோடு பின்னால் ஓடினான்.

கேட்டில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும், அதனால் நான் நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். அவள் நடந்த இடத்திலேயே நானும் நடந்தேன். பலகையில் இரண்டு கொக்கி காலி. அவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் மாமாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சோறு தின்னப் போயிருப்பேன்.

இருட்டும் நேரத்தில் வளைவில் டார்ச் தெரிந்தது. இரண்டு பேர் தோளிலும் கைபோட்டு மாமா நொண்டிக்கொண்டு வந்தார். ஓடைப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியிருந்தது. கழுத்தில் தொலைநோக்கியும் டோக்கனும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அக்காவின் காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம்.

"இருவாச்சி ஜோடியா உக்காந்திருந்துச்சு" என்றான் கூடப் போன வழிகாட்டி. "அக்கா நிமிர்ந்துகூடப் பாக்கல."

"நான் என்ன டூரிஸ்டா? கழுத்துல மாட்டித்தான் கூட்டிட்டு வருவேன்னுட்டா உங்கக்கா" என்று மாமா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் கழுத்திலிருந்து டோக்கனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். தன்னுடையதையும் மாட்டினாள். முதல் கொக்கியிலிருந்து கடைசி வரை விரல் வைத்து எண்ணினாள்.

"இப்பப் பூட்டு."

பூட்டிவிட்டுத் திரும்பினேன். அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.