இரண்டைச் சேர்க்காத கணக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சேலத்துப் பள்ளி ஒன்றில் நான் தற்காலிகக் கணக்கு வாத்தியார். மேலதிகாரி என் பாடத்தைக் கேட்க வருவதாக இருந்தது. பிடித்தால் வேலை நிரந்தரம்; பிடிக்காவிட்டால் சங்ககிரிக்குத் திரும்பி அப்பாவோடு ஏர் பிடிக்க வேண்டியதுதான். புத்தகத்தில் இருப்பதையே நடத்தித் தொலைத்திருக்கலாம். எனக்கோ மேதாவித்தனம் காட்ட ஆசை.

வெவ்வேறு பகா எண்களைக் கூட்டினால் வருவதும் பகா எண்ணாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு நானே ஓர் இலக்கணம் எழுதினேன். ஐந்து, ஏழு, பதினொன்று மூன்றும் சேர்ந்தால் இருபத்துமூன்று, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாது. எப்படிப் போட்டுப் பார்த்தும் மூன்று எண்கள், ஐந்து எண்கள் என்று ஒற்றைப்படையில் சேர்த்தால்தான் நின்றது. ஆகவே, கூட்டத்தில் எண்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்க வேண்டும் என்று அடித்து எழுதிவிட்டேன்.

அதிகாரி வர இருந்த அன்று காலை அதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள். வெண்ணந்தூரில் அவள் தங்கைக்குக் கல்யாணம், சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, ரெண்டும் பகா எண்ணுதானுங்களே? ரெண்டும் மூணும் அஞ்சுங்க. அது சேராதுங்களா?”

“தட்டு அடுக்குற வேலையப் பாரு!” என்று எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினேன்.

அம்மாபேட்டையைத் தாண்டுவதற்குள் கோபம் போய் வியர்த்தது. தேங்காயோ பழமோ, சீர் என்றால் ஒற்றைப்படையில் வைத்தே பழகிய வீடு எங்களுடையது. இரட்டைப்படையைக் கண்டால் கை தானாக ஒதுக்கும். கணக்கிலும் இரண்டைத் தொடாமலே விட்டிருக்கிறேன்.

வேறு பாடம் தயாரிக்க நேரமில்லை; எழுதியதையே வகுப்பில் நடத்தினேன். “இரட்டைப்படையில் சேரவே சேராதா?” அதிகாரி கேட்டது அதே கேள்வி. கரும்பலகையில் இரண்டையும் மூன்றையும் எழுதினேன். “நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்” என்றார். மனைவி சொன்னது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டி வாங்கிக்கொண்டேன். வேலை நிரந்தரமாயிற்று.

வீட்டில் சொன்னபோது அவள் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“அப்ப நாஞ் சொன்னது சரிதானுங்களா? இன்னும் போட்டுப் பாத்தனுங்க. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, இந்த நாலும் சேந்தா பதினேழு. கூட்டத்துல ரெண்டு இருந்தா எண்ணிக்கை ஜோடியா வரோணும், ரெண்டு இல்லீன்னா ஒத்தையா வரோணுமுங்க.”

நான் எழுதியிருக்க வேண்டிய இலக்கணம் அதுதான். என் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வகுப்பில் பழையதை அழித்து அவள் சொன்னதை எழுதினேன். “இது என் வீட்டுக்காரி கண்டுபிடித்தது, நேற்றையதும் அவளுடையதுதான்” என்றேன். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அன்று முதல் நான் தின்ற சம்பளச் சோறு அத்தனையும் அவள் போட்டது.