ஊர்த் துணியும் ஒரு பாட்டும்

இடது கையால் காலரை இழுத்துப் பிடித்து, வலது கையால் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார் இஸ்திரிக்காரர். தொண்டை தேறியதா என்று பார்க்க, வாய் கடைசிச் சரணத்தை முணுமுணுத்தது. பாதி தேறியிருந்தது.

பதினோரு வருடமாகச் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறார். கேட்டதெல்லாம் சுவரும் மனைவியும்தான். இப்போது எந்தக் கம்பெனி தயவும் இல்லாமல் முதல் பாட்டைத் தானே இணையத்தில் வெளியிடப் போகிறார். நாளை மதியத்துக்குள் ஏற்றாவிட்டால் அறிவித்த தேதி தவறிவிடும். தெருவெல்லாம் சொல்லி வைத்தவர், முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

பதிவு நடப்பது கடையிலேயே. நான்கு பக்கமும் அடுக்கிய துணி எதிரொலியைக் குடித்துவிடும். குரல் காதோரம் பேசுவதுபோல் விழும். பாதிப் பாட்டு அப்படிப் பதிவானதும் தொண்டை கட்டிக்கொண்டது. துணி போனால் மீதிப் பாதியின் ஓசை மாறிவிடும் என்று, தேய்த்ததையெல்லாம் மூன்று நாளாக அடைகாத்தார். தொண்டைக்கு மருந்து வெந்நீரும் வாய்மூடி இருப்பதும்தான். அவரோ வந்தவர்களிடம் சாக்குச் சொல்லியே தொண்டையைத் தேய்த்தார்.

சாயங்காலம் மருத்துவமனை நர்ஸ் வந்து நின்றாள்.

“அண்ணே, காலைல ஏழு மணிக்கு டியூட்டி. யூனிபார்ம் மூணும் உங்ககிட்ட. நைட்டியோட போய் ஊசி போடட்டுமா?”

“நாளைக்குக் கண்டிப்பா தர்றேம்மா.”

“நேத்தும் இதேதான் சொன்னீங்க. துணி தேய்க்கிறீங்களா, அடமானம் புடிக்கிறீங்களா?”

உள்ளிருந்து வந்த மனைவி, அடுக்கிலிருந்து மூன்றையும் உருவிக் கொடுத்தாள். “எடுத்துட்டுப் போம்மா. இவர் பாடி முடிக்கிற வரைக்கும் ஊரே துணியில்லாம நிக்கணுமாம்.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே போனாள்.

“மத்தவங்களுக்கும் நாளைக்கு வேலை நாள்தான். விடிஞ்சதும் எல்லாம் போயிடணும்” என்றாள் மனைவி.

“அப்புறம் ரெண்டு பாதியும் ஒட்டாதே.”

“ஒட்டலேன்னா முதல்லேர்ந்து பாடுங்க.”

“முதல் பாதி அருமையா வந்திருக்குடி!”

“ஒரு கை மட்டும் தேய்ச்ச சட்டையைக் குடுப்பீங்களா?”

அவர் வெந்நீர் டம்ளரை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டார். தொண்டைக்கு அதுவும் நல்லதுதான்.

மறுநாள் விடிந்ததும் மூட்டையைச் சைக்கிளில் கட்டி, வீடு வீடாகத் துணியைக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தொண்டை முழுசாகத் தேறியிருந்தது. வெறுங்கடையில் மைக்கை வைத்து முதல் வரியிலிருந்து பாடினார். குரல் சுவரில் மோதிக் கணீரென்று திரும்பியது. மூன்றாம் தடவை முழுப் பாட்டும் அமைந்தது. பதினொன்றரைக்கு அதை ஏற்றிவிட்டு, ஷட்டரைத் தூக்கிப் பெட்டியைச் சூடேற்றினார்.