நான் பார்க்காத பிள்ளை

காரைக்குடியில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, எங்கள் சிறிய சபையில் அவ்வப்போது பிரசங்கமும் செய்துவந்தேன். போதகருக்கு மூன்று ஊர்ச் சபைகள். அவர் தேவகோட்டைக்குப் போகிற ஞாயிறுகளில் மேடை எனக்கு.

சபைக்கு வேண்டிய நோட்டீஸையும் பாட்டுத் தாளையும் அச்சடித்துக் கொடுத்தவர் ஒரு நாத்திகர். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கறுப்புச் சட்டையைத் தவிர வேறு சட்டையில் அவரைப் பார்த்த நினைவில்லை. கடவுள் இல்லை என்பார். ஆனால் ‘ஸ்தோத்திரக் கூட்டம்’ என்பதில் ஒற்று விட்டுப்போயிருந்தால் அச்சை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார். “உங்க ஆண்டவருக்குப் பிழையோடவா நன்றி சொல்லப் போறீக?”

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். மை வாசனைக்கு நடுவே டீ குடித்தபடி சண்டை போடுவோம். ஜெபம் என்பது தனக்குத் தானே பேசிக்கொள்வது என்பார் அவர். அப்படியென்றால் நான் இத்தனை வருஷமாக நல்ல ஆளிடம்தான் பேசியிருக்கிறேன் என்பேன். சிரிப்பார். இதற்கு மேல் அந்தச் சண்டை வளர்ந்ததில்லை, அந்த ஒரு ஞாயிறு வரைக்கும்.

அன்று அறுப்பின் பண்டிகை. ஆராதனைக்கு நடுவில் அண்ணன் பாட்டுத் தாள் கட்டோடு வந்து வாசலில் நின்றார். நான் ஜெபத்தின் வல்லமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கால் விளங்காத ஒரு பெண்பிள்ளை, தாயின் ஜெபத்தால் ஒருநாள் எழுந்து பள்ளிக்கூட வாசல் வரை நடந்துபோன கதை. ஏதோ ஒரு கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் சொல்லக் கேட்டது. எங்கேயோ நடந்ததாகச் சொன்னால் மனசில் ஒட்டாதே என்று நான் அந்தப் பிள்ளையைப் பக்கத்திலிருக்கிற கானாடுகாத்தானுக்குக் கொண்டுவந்துவிட்டேன். “நம்ம கண்ணுக்கு எட்டின தூரத்தில் நடந்தது” என்றேன். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அச்சகத்தில் அண்ணன் வழக்கம்போலச் சீண்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சார், அந்தப் பிள்ளை கானாடுகாத்தான்ல எந்தத் தெரு?”

“எதுக்குண்ணே?”

“எங்க அக்கா பேரன் ஒருத்தன் பிறந்ததிலேருந்து நடக்கல. உங்களுக்குச் சொன்னதில்ல. அந்தத் தாயைப் பார்த்து என்ன செஞ்சாகன்னு கேக்கணும். எனக்கு நம்பிக்கை இல்லதான். ஆனா பையனுக்காகப் போயிட்டு வரலாம்ல.”

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார்.

“நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததில்லண்ணே,” என்றேன். “கேள்விப்பட்டதுதான். ஊரு மட்டும் நானாச் சொன்னது.”

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. “இல்லாத பிள்ளைய நடக்க வச்சிட்டீகளே, சார்” என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரம் எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்காலில் நின்றால் அந்தப் பையன்தான் முன்னால் வந்தான். அவனையும் நான் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு போதகரிடம் அனுமதி கேட்டு, சபை முன்னால் எழுந்து உண்மையைச் சொன்னேன். போதகருக்கு அவ்வளவாக விருப்பமில்லை. சபையின் விசுவாசம் தளர்ந்துபோகும் என்றார். சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார்கள். “நான் அன்னைக்கு வீட்டுக்குப் போயி விடிய விடிய முழங்கால்ல நின்னேன், சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்கள். அந்த அம்மாவின் மகனுக்கும் நடக்க முடியாது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆறு மாதம் நான் மேடை ஏறவில்லை. ஏறச் சொன்னபோதும் முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து மதினி, அதாவது அண்ணனின் மனைவி, படுத்த படுக்கையானார்கள். மதுரைக்குக் கொண்டுபோனதில், டாக்டர்கள் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மதினிக்குச் சாமி நம்பிக்கை உண்டு. பீரோ கதவின் உட்பக்கம் அம்மன் படம் ஒட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் பார்க்கப் போனபோது மதினி, “எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க, தம்பி” என்றார்கள்.

அண்ணனைப் பார்த்தேன். “அவ கேக்குறா, பண்ணுங்க. பொழைச்சிருவான்னு மட்டும் சொல்லிராதீக” என்றார்.

நான் ஜெபிக்க ஆரம்பித்தால் சாதாரணமாகப் பத்து நிமிஷத்துக்குக் குறையாது. அன்றைக்கு, “ஆண்டவரே, இவுகளுக்கு ரொம்ப வலிக்குது. எங்களுக்குப் பயமா இருக்கு. கூடவே இரும்” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அண்ணன் மதினியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணை மூடவே இல்லை.

“இம்புட்டுத்தானா?” என்று மதினி கேட்டார்கள். மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

அடுத்த வாரம் மதினி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சடங்கு எதுவும் இல்லை. படத்திறப்பு மட்டும் வைத்து, என்னையும் பேசச் சொன்னார் அண்ணன். மதினி வைக்கும் மீன் குழம்பைப் பற்றியும், அந்தச் சிரிப்பைப் பற்றியும் சொன்னேன். பார்த்ததை மட்டும் சொல்வது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

அண்ணன் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. அக்கா பேரன் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான்; தேவகோட்டையில் கல்லூரி படிக்கிறான். போன மாதம் தன் கண் ஆபரேஷனுக்கு முதல் நாள் அண்ணன் போன் செய்தார்.

“என்ன, எனக்காக ஜெபம் பண்ணுனீகளா?”

“பண்ணுனேண்ணே.”

“டாக்டர் கெட்டிக்காரராம்ல?”

“அவருக்கும் சேர்த்துத்தான் பண்ணுனேன்.”

“சரி, சரி,” என்று சிரித்தார். அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் சபையில் இப்போதெல்லாம் பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும், “நல்லா இருந்துச்சு, சார்” என்று கைகொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அண்ணன் மாதிரி ‘எந்தத் தெரு?’ என்று ஒருவரும் நின்று ஒரு கேள்வி கேட்பதில்லை. வாசல் காலியாகும்வரை நான் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.