வரிசையில் என் பக்கத்துத் தோள்

சகோதரர்களே, சட்டை போடவே நான் பயந்த காலம் ஒன்று இருந்தது. கையைத் தூக்கினால் வலது தோள் மூட்டைவிட்டு நழுவிவிடும்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிசாக, இரும்பு கடையும் லேத் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். பாகலூர் ரோட்டில் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தபோது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். கம்பியைப் பிடித்த கை விடவில்லை; உடம்பு மட்டும் முன்னால் போனது. அன்றுதான் முதலில் நழுவியது. ஒரு வைத்தியர் இழுத்துக் கட்டுப் போட்டார். கட்டை அவிழ்த்ததும் சரியாகிவிட்டது என்று நம்பினேன். இல்லை. கொடியில் துண்டு எடுக்கும்போது நழுவியது. தூக்கத்தில் புரண்டபோது நழுவியது. படுக்கவே பயந்தேன்.

அறையில் என்னோடு தங்கியிருந்த திருநெல்வேலிக்காரன் முருகேசன்தான் ஒவ்வொரு தடவையும் இழுத்துச் சேர்ப்பான். அவனுக்கும் பயம்தான். அதை மறைக்கக் கிண்டல் செய்வான்.

“ஏலே பாய், ஒன் கைக்கு ஒரு தாழ்ப்பா செஞ்சி மாட்டணும்ல. கண்ண மூடிக்க!”

கம்பெனியில் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, லேத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எலும்பு லேசாக நகர்ந்தது. கை என் பேச்சைக் கேட்கவில்லை. சட்டைக் கை, இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக்கில் உரசியது. இடது கையால் எப்படி மெஷினை நிறுத்தினேன் என்று இன்றும் தெரியவில்லை. தோள் தானாகவே உள்ளே போய்விட்டது. ஆனால் என் பயம் அடங்கவில்லை.

அப்படியே பள்ளிவாசலுக்கு ஜும்ஆ தொழப் போனேன். தொழுகையைத் தொடங்கும் தக்பீருக்குக் கையைக் காதுவரை தூக்கத் துணிச்சல் வரவில்லை, நெஞ்சோடு நின்றுவிட்டது. நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவில் அழுதேன். “யா அல்லாஹ், இதை நான் யாரிடம் சொல்வேன்? நீயே ஓர் ஆளைக் காட்டு.”

தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்க வலப்பக்கம் முகத்தைத் திருப்பினேன். அதன்பின் அந்தப் பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைத் தொட்டார். நாகரசம்பட்டி மாங்காய் வியாபாரி. அதுவரை நான் பார்த்தே இராதவர்.

“தம்பி, என் தோள்ல ஒட்டி நின்ன தோளு அப்பிடி நடுங்குது. ஜுரமா?”

“இல்லீங்க பாய்.”

“கையும் பாதியில நின்னுடுச்சு. கழண்டுக்குதா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளில் இருந்த தழும்பைக் காட்டினார்.

“எனக்கு மரத்துல தொங்கும்போதே கழண்டுச்சு. கீழ இருந்தவன் மாங்கா விழுந்துச்சுன்னு கூடையத் தூக்கிட்டு ஓடியாறான், விழுந்தது நானு! பெங்களூர்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். பயப்படாத, நான் கூட வர்றேன்.”

ஆபரேஷனுக்கு என்னைப் பெற்ற அத்தா ஒப்பவில்லை. “நம்ம வீட்ல எழுதத் தெரிஞ்ச கை அது ஒண்ணுதான்டா. அதப் போயி அறுக்கறதா?” என்று அழுதார். அவரைச் சம்மதிக்க வைத்ததும் அந்த மனிதர்தான்.

மூட்டைப் பிடித்திருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்றார் பெங்களூர் டாக்டர். மயக்க மருந்து ஏறும்வரை கலிமா சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு கையை நெஞ்சோடு கட்டிப்போட்ட வாரங்கள். அதன்பின் சுவரில் விரல்களை ஊர்ந்து ஏற்றும் பயிற்சி. ஒவ்வொரு விரற்கடைக்கும் பயந்தேன். ஒவ்வொன்றுக்கும் பிஸ்மி சொன்னேன்.

சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னபோது கத்தினார்: “ஏன்யா, மெஷின்ல கை போயிருந்தா யாருய்யா பதில் சொல்றது?” கத்திவிட்டு, கை தேறும்வரை அளவு பார்க்கும் பிரிவில் உட்காரவைத்தார். வேலையும் நிரந்தரமானது. அல்ஹம்துலில்லாஹ், தோள் அதற்குப்பின் நழுவவே இல்லை.

பயம் முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் ஒளிப்பதை விட்டுவிட்டேன். உங்களுக்கும் யாரிடமும் சொல்ல முடியாத பயம் இருக்கலாம். ஸஜ்தாவில் அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்.