கடையை மறைக்கத் தெரியாத வயிரவன் பிள்ளை

வயிரவன் பிள்ளை காலமான செய்தியை, காலை ரயிலில் வந்திறங்கிய அவருடைய ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்தார். அட்டனில் வழக்கமான மழை. வந்தவர் குடையை மடிக்காமலே என் கடை வாசலில் நின்று, "துணிக்கடைப் பிள்ளை தவறிட்டாருங்க" என்றார். நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து முடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்த பிறகுதான் உட்கார வேண்டும் என்று தோன்றியது. துறையூர்ப் பக்கத்தில் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டுத் தை பிறந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர். கல்யாணம் நன்றாக நடந்ததாம். அதற்குப் பிறகு வந்த காய்ச்சல் அவரை விடவில்லையாம்.

நம் கடைத்தெருவில் அவரை அறியாதவர் இல்லை. ஆனாலும் அவருடைய பக்கத்துக் கடைக்காரன் என்ற முறையில், பள்ளிக்கூடக் கமிட்டியின் செக்ரட்டரி என்ற முறையில், அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அதிக உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. "என்ன செக்ரட்டரியாரே, இரும்பு இன்னிக்கு என்ன வெல?" என்று கேட்டபடியேதான் காலையில் கடை திறப்பார். ஒரு நாளும் அவர் என்னிடம் இரும்பு வாங்கியதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் விடிகிற காலைக்கு நான் இன்னும் பழகவில்லை.

அலங்காரப் பிரியர். அடைமழையிலும் அல்பாக்கா கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும், "மோசமில்லீங்க" என்பார். தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டி ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய அந்தக் கெட்ட காலத்தில், தெருவே ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் அதே பதில்தான். அந்த வருஷத்தில்தான் கொழும்பிலிருந்து ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து கடைக்குள் நிறுத்தினார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சம்பள ஞாயிறுகளில் தோட்டத்துப் பெண்கள் அந்தக் கண்ணாடிக்கு முன் வந்து நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலை முதல் கால் வரை தங்களை முழுதாக அதற்கு முன் பார்த்திராதவர்கள். துணி வாங்காதவர்களையும் அவர் விரட்டமாட்டார். "துணியப் பாக்கவா கடைக்கு வர்றாங்க? தங்களப் பாக்கத்தான் வர்றாங்க" என்பார்.

அந்தக் கண்ணாடியால்தான் எல்லாம் வந்தது.

நம் தெருவின் பழைய வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கடையின் மதிப்பை வைத்துத்தான் டவுன் சபை சோலைவரி போடும். மதிப்புப் போட அதிகாரி வருகிறார் என்று ஸ்டேஷன் பக்கமிருந்து தகவல் வந்துவிட்டால், தெருவே ஒரு நொடியில் ஏழையாகிவிடும். நல்ல சரக்கெல்லாம் பின்கட்டுக்குப் போகும். முன்னால் கிழிந்த சாக்குகள் தொங்கும். பலசரக்குக் கடைச் செல்லையா நாடார் அழுக்கு வேட்டியைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு இருமத் தொடங்குவார். நான் கட்டி வைத்திருந்த சாக்கு, எலி கடித்த விசேஷமான சாக்கு. எங்கள் கடைகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ், ஒரே அளவில் இருப்பவை. ஒன்றின் மதிப்பு ஏறினால் மற்றவற்றையும் அதோடு சேர்த்து ஏற்றிவிடுவார்கள். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் அபாரமான ஒற்றுமை இருந்தது.

அந்த வருஷம் பிள்ளையின் கண்ணாடியையும் சாக்குப் போட்டு மூடச் சொன்னோம். மனமில்லாமல் மூடினார். தலைப்பாகையையும் கழற்றச் சொன்னார் நாடார். அதையும் கழற்றினார். வந்த அதிகாரி ஒரு பறங்கி துரை, நல்ல மனுஷர். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "பாவம், உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்" என்று சொல்லிப் பிள்ளையின் தோளில் தட்டினார். நான் வாசலில்தான் நின்றேன். பிள்ளையின் முகம் மாறியதைக் கண்டேன். திட்டினால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மூடியிருந்த சாக்கை ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டார்.

"கடை மோசமில்லீங்க. நல்லாப் பாருங்க."

பிறகு பின்கட்டையும் திறந்து காட்டினார். பட்டுச் சேலைகளை விரித்துக் காட்டினார். துரை சந்தோஷமாகப் பார்த்து, சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். வரிசை முழுவதற்கும் வரி ஏறியது.

அதன் பிறகு தெருவில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாடார் தன் கடைக்கு வந்தவர்களை எல்லாம் வேறு துணிக்கடைக்கு அனுப்பினார். நானும் கோபமாகத்தான் இருந்தேன். இரும்பு விலையை மட்டும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பகலில் எட்டிப் பார்த்தால், தலைப்பாகையோடு கண்ணாடியின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

அதே சமயம் நமது பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து வந்திருந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் நடந்த அந்தத் தமிழ்ப் பள்ளிக்கு, அரசாங்க உதவிப் பணம்தான் உயிர். பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், தண்ணீர்க் குழாயும் கக்கூசும் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் உதவி நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய பெண் பிள்ளைகள் அதனாலேயே பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டார்கள். நாடாரின் மகள் பார்வதி, கணக்கில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், அவளும் நின்றுவிட்டாள். குழாய் போடவேண்டியது சபை. வருஷம் தவறாமல் நான் மனு கொடுப்பேன். உங்கள் தெரு கட்டும் வரி உங்கள் தெரு விளக்குக்கே போதாது என்று வருஷம் தவறாமல் அவர்களும் பதில் சொல்வார்கள்.

வரி கூடியதை எதிர்த்துச் சபைக் கந்தோருக்கு நாங்கள் ஒன்றாகப் போனோம். சேர்மன் துரை உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு கிளார்க். பிள்ளையும் வந்திருந்தார். ஏதோ வீம்பில் காட்டிவிட்டேன், கடை சின்னதுதான் என்று சொல்லப்போகிறார் என நாங்கள் நம்பினோம். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவரிடம் நானே சொல்லியிருந்தேன். அவர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏத்துனத கொறைக்க வேணாங்க, தொரை. எங்க கடைங்க அவ்வளவு பெறும். இத்தன வருசமா நாங்க எங்களையே கொறச்சுக் காட்டுனோம், நீங்களும் எங்க புள்ளைங்கள அதே மாதிரி கொறச்சுத்தான் பாத்தீங்க. கூடுன வரியில பள்ளிக்கூடத்துக்கு ஒரு தண்ணிப் பீலியும் கக்கூசும் போட்டுக் குடுங்க. அது போதும்."

கிளார்க் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மற்றவர்களின் ஆட்சேபம் என்ன என்று துரை கேட்டார். முதலில் பேச வேண்டியவர் நாடார். எழுந்து நின்றார். பிள்ளையைப் பார்த்த பார்வையில் அவரைச் சுட்டெரித்துவிடுவார் போலிருந்தது. கடைசியில், "பீலி எப்பங்க போடுவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு எவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. எனக்கும்தான். என் மனு அந்த வருஷம்தான் முதல் தடவையாகச் சபையின் செலவுத் திட்டத்தில் ஏறியது. இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது, பார்வதி குழாயைத் திறந்து அவருக்குக் கை கழுவத் தண்ணீர் விட்டாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதிவிடலாம். எழுதினால் பிள்ளைக்கே பிடிக்காது. வரிசையின் கோடியில் இருந்த தையல்காரர் சின்னச்சாமிக்குக் கூடிய வரி தாங்கவில்லை. கடையைக் காலிசெய்துகொண்டு மஸ்கெலியாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பிள்ளை தன் கோட்டையும் சட்டைகளையும் பஸ் ஏறிப் போய் அவரிடமே தைத்து வாங்கினார். வயதாகிச் சின்னச்சாமிக்குக் கண் மங்கி, தைத்த கோட்டின் தோள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றாலும் அதைத்தான் போட்டுக்கொண்டார். அட்டன் முழுவதும் சிரிக்கிற மாதிரி ஒரு கோட்டை அவ்வளவு பெரிய அலங்காரப் பிரியர் ஏன் போட்டார் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். "சின்னச்சாமி கை மோசமில்ல" என்பார்.

ஊருக்குப் புறப்பட்ட அன்று கடைச் சாவியை என்னிடம் கொடுத்தார். "கண்ணாடியில தூசி விழுகாம பாத்துக்குங்க செக்ரட்டரியாரே" என்றார். ரயில் நகர்ந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தை வரைக்கும்தானே என்று நான் பாதியிலேயே திரும்பிவிட்டேன். முழுதும் நின்று பார்த்திருக்கலாம்.

செய்தி வந்த மறுநாள், மதிப்புப் போடும் அதிகாரி வந்தார். புதியவர், இளைஞர். பூட்டிய கடையைக் காலிக் கடை என்று எழுதினால் வரி குறையும், வரிசைக்கும் நல்லது. நாடாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நான் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். நாடார் தன் தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். அதில் நாங்கள் இருவர் தெரிந்தோம். மூன்றாவது ஆள் இடையில் வந்து நிற்பார் என்று ஒரு கணம் நான் காத்திருந்தது உண்மை.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தச் சாவி. அவருடைய மருமகன் கடையை நடத்த வரும்போது அதையும் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு இருக்கப்போவது ஒரு வார்த்தை. அன்று, கடை யாருடையது என்று அதிகாரி கேட்டார். வயிரவன் பிள்ளையுடையது என்றேன். வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"மோசமில்லீங்க" என்றேன்.