சூரிய புடம் வைத்த தைலம்

நெல்லையப்பர் தேரடிக்கு அருகே தைலக்கடை வைத்திருந்த ஐயம்பெருமாள் பிள்ளை, நெற்றி நிறையத் திருநீறு அணிந்து, பதிகம் ஓதியபடியே பொய் விற்றவர். தந்தையின் நிலத்தை வழக்காடித் தொலைத்தபின், பரிதாபி ஆண்டில் அவர் கண்ட பிழைப்பு, தோல் வெயிலில் கருகாமல் காப்பதாகச் சொன்ன ஒரு மஞ்சள் தைலம்.

நல்லெண்ணெயில் மஞ்சள் இட்டுக் காய்ச்சிய அதைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, மருத்துவர் சில மருந்துகளுக்குச் சூரிய புடம் வைப்பதுபோல, ஒரு மண்டலம் மொட்டைமாடி வெயிலில் வைத்தார். வெயிலை வெல்லும் மருந்து வெயிலைக் குடித்தே வலுப்பெறும் என்பது அவர் துணிபு. மஞ்சள் தோய்த்த சேலையை நிழலில் உலர்த்தும் ஊரில் பிறந்தவர்! தைலம் நிறம் வெளுத்து ஊசிப்போயிற்று.

"வெயிலுக்கு இதுவே வெளுத்துப்போச்சு. இதையா விக்கப் போறிய?" என்றாள் மனைவி நீலாம்பாள்.

"ஏளா, சும்மா கெட. வீரியம் ஏறுச்சுன்னா நெறம் எறங்கத்தான் செய்யும்."

சொன்ன வாய் மூடுமுன், குப்பிதோறும் புது மஞ்சளைக் கலக்கினார். நாற்றம் மறையத் தாழம்பூ அத்தர் தெளித்தார். வெயிலில் வைத்தவரை அறியாமை. அதற்குமேல் நிகழ்ந்தது தெரிந்தே செய்த வஞ்சகம்.

நாற்று நடும் இசக்கித்தாயின் கைகளில் வெண்திட்டுகள் படர்ந்திருந்தன. வெயில் பட்டால் அவை கொப்புளிக்கும். நடவுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. தைலத்தை நம்பிப் பூசிக்கொண்டு ஆனி நடவில் இறங்கினாள். உச்சிப்பொழுதுக்குள் கைகள் வெந்தன. மறுநாள் கடைவாசலில் நின்று, நீர்கோத்த கைகளை நீட்டினாள்.

"பாருங்க சாமி, ஒங்க தைலம் செஞ்ச வேலையை."

"குளிச்சிட்டா பூசின? சுத்தமில்லாத ஒடம்புல மருந்து நிக்காது, ஏட்டி."

"நான் சேத்துல நிக்கிறவ. நீங்க சுத்தக்காரவுகளாச்சே? இதைப் பூசிட்டு ஒரு நாழி தேரடி வெயில்ல நில்லுங்க, பாப்பம்."

"பூசும் வே! ஒம்ம சரக்குதான?" என்று வாங்க வந்த ஒருவர் சிரித்தார்.

ஐயம்பெருமாள் குப்பியைத் திறந்தார். அத்தரை மீறி எழுந்த வாடைக்குத் தாமே மூக்கைச் சுளித்தார். உடனே மூடிவிட்டுப் பதிகத்தை விட்ட அடியிலிருந்து தொடர்ந்தார். இறைவன் திருப்பெயரும் அந்த ஊசல் நாற்றமும் ஒரே வாயிலில் கலந்தன.

இசக்கித்தாய் பழஞ்சேலையைக் கிழித்துத் தோள்முதல் விரல்வரை சுற்றிக்கொண்டு வயலுக்குத் திரும்பினாள்.

"என்ன ஏளா, பொணத்துக்குச் சுத்தின மாதிரி?" என்று உடன் நட்டவர்கள் நகைத்தனர்.

"வெந்த பொணத்துக்கு இது தேவலை."

தைலம் மட்டும் ஐயம்பெருமாள் சாகும்வரை விலைபோயிற்று. வாங்கியோர் பெரும்பாலும் நிழல்விட்டு நீங்காத வீட்டார். சேறு ஊறிய அந்தக் கந்தலுக்குள், ஆனி நடவு முடியுமுன், இசக்கித்தாயின் புண்கள் ஆறின.