தையற்காரர் தைத்த கம்ப்யூட்டர்

ரெடிமேட் என்ற வார்த்தையைத் தையற்காரர் காதுபட அந்தத் தெருவில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது. "கடையில தொங்குதே சட்டை, அது யாரை நினைச்சு வெட்டினது? யாரையும் நினைச்சு இல்ல. அப்புறம் யாருக்குப் பொருந்தும்?" என்று ஆரம்பித்து, கேட்டவருடைய தோள்பட்டையில் வந்து முடிப்பார். தோள்பட்டை இறங்கியிருந்தால் தொலைந்தோம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மச்சான் எதிர்வரிசையிலேயே ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்தார். மனைவியின் அண்ணன் என்பதால் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ளவும் வழியில்லை.

மகளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது. குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படங்களுக்கு வரைந்து தர வேண்டும். நல்ல கம்ப்யூட்டர் அவளே வைத்திருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை முதல் வேலை. அன்றைக்குக் கம்ப்யூட்டர் இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வாழ்த்த வந்த மச்சான் சும்மா வாழ்த்திவிட்டுப் போயிருக்கலாம்.

"ரெடிமேடா ஒண்ணு வாங்கிக் குடுத்துரு மாப்ள. பெட்டியைத் திறந்தமா, போட்டமான்னு இருக்கும்."

தையற்காரர் காலை மிஷினிலிருந்து எடுத்தார். "என் பொண்ணுக்கு ரெடிமேடா? அவ பொறந்ததுலேருந்து ஒரு கவுன்கூட கடையில வாங்கினதில்ல. பார்ட்ஸ் பார்ட்ஸா வாங்கி நானே பூட்டித் தரேன்."

"உனக்குக் கம்ப்யூட்டர்ல என்ன தெரியும்?"

"அளவு தெரியும்."

பேச்சு முற்றிப் பந்தயத்தில் போய் நின்றது. திங்கள் காலை மகள் வேலைக்கு உட்காரும்போது கம்ப்யூட்டர் ஓடாவிட்டால், தையற்காரர் மச்சான் கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தன் மிஷினில் உட்கார வேண்டும். ஓடினால், மச்சான் வந்து அளவு கொடுத்து ஒரு சட்டை தைத்துக்கொள்ள வேண்டும். மகளின் வேலை இரண்டு கிழங்களின் வீம்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. மனைவி மட்டும் கவனித்தாள். "விளையாட்டு உங்களுக்கு, வேலை போனா அவளுக்கு" என்றாள். யார் காதில் ஏறியது?

சனிக்கிழமை அப்பாவும் மகளும் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். எது எது வேண்டும் என்று மகள் படித்து வைத்திருந்தாள். தையற்காரர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு போனார். மதர்போர்டுக்கு நீளம் அகலம் எடுத்தார். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கை நீளம் எடுப்பதுபோல் எடுத்தார். பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து தொங்கிய ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்து அளந்தார். கடைக்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது.

"ஒயர் பத்தலைன்னா வேற பெட்டியோடத எடுத்து மாட்டிராதீங்கண்ணே. முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேற மாதிரி இருக்கும். புகைஞ்சிரும்."

இது தையற்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "பாத்தியாம்மா? இவர்கிட்டயும் அவங்கவங்களுக்குத் தனித்தனியாத்தான் தைக்கிறாங்க."

எல்லாம் கேபினெட் வரைக்கும் ஒழுங்காகப் போனது. எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற இரும்புப் பெட்டியைக் கடைக்காரர் எடுத்து வைத்து, "இந்த போர்டுக்கு மீடியம் போதும்ணே" என்றார்.

மீடியம்! மச்சான் கடையில் அலமாரி அலமாரியாக எழுதி ஒட்டியிருக்கும் அதே வார்த்தை.

"மீடியம் எல்லாம் வேணாம். பெரிசாக் குடுங்க. நாளைக்கு வளராதா?"

"கம்ப்யூட்டர் வளராதுப்பா" என்றாள் மகள்.

"நீயும் அப்படித்தான் சொன்னே, ஆறாங்கிளாஸ்ல. யூனிஃபார்ம்ல ரெண்டு இஞ்ச் கூடுதலா வெச்சேனோ, தப்பிச்சோம்."

கடையிலேயே பெரிய கேபினெட் வீட்டுக்கு வந்தது. வாசலில் அதைத் திருப்பி நுழைக்கும்போது, எதிர்க்கடையிலிருந்து மச்சான், "பீரோவா மாப்ள?" என்று குரல் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்கள். மிச்சம் ஒரே ஒரு ஒயர். பவர் சப்ளை கேபினெட்டின் அடியில் இருந்தது. ப்ராசஸருக்குக் கரண்ட் வாங்கும் இடம் மதர்போர்டின் உச்சி மூலையில் இருந்தது. ஒயரை நேராகப் பிடித்தால் எட்டுகிறது, ஆனால் நடுவில் கிராஃபிக்ஸ் கார்டு மறித்துக்கொண்டு நிற்கிறது. போர்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோனால் நாலு விரல் அளவுக்குக் குறைந்தது.

தையற்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அக்குள் வளைவை நேராக அளக்கிற பையன்கள் எத்தனை பேரை அவர் காதைத் திருகி அனுப்பியிருக்கிறார்! இப்போது அவரே, ஒயர் போகும் வழியை டேப்பை வளைவோடு ஓட்டாமல் நேராகப் பிடித்து அளந்திருக்கிறார். மீடியம் வாங்கியிருந்தால் அந்தத் தப்புகூட வெளியே தெரிந்திருக்காது. அவர் கூட்டி வைத்த ரெண்டு இஞ்ச்தான் காலை வாரியது. கடைக்கு ஃபோன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிறு விடுமுறை.

வெட்டி நடுவில் ஒரு துண்டு ஒட்டுப்போட்டால் என்ன என்று பெரிய கத்தரியைக் கையில் எடுத்தார்.

"அப்பா! அதைக் கீழ வைங்க!"

வைத்தார். வெட்டும் மேஜை ஓரமாக உட்கார்ந்தார். வாய்ச் சவடாலுக்காகப் பிள்ளையின் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி வைத்தார். பந்தயம், மச்சான், சட்டை எதுவும் அப்போது அவர் நினைவிலேயே இல்லை. "என்னை மன்னிச்சிரும்மா. மாமாகிட்டயே சொல்லி ரெடிமேடா ஒண்ணு வாங்கிரலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததைக் கேட்டு மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்து பார்த்தாள்.

மகள் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். மேஜை மேலிருந்த துணியை எல்லாம் ஒதுக்கினாள். மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்தாள், பவர் சப்ளையைப் பக்கத்தில் வைத்தாள். இப்போது ஒயர் தாராளமாக எட்டியது. ஆன் செய்யும் பொத்தான் கேபினெட்டோடு போய்விட்டதால், போர்டில் அது சேர வேண்டிய இரண்டு கம்பிகளை நூல் வெட்டும் சின்னக் கத்தரியின் முனையால் ஒரு தொடு தொட்டாள். விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. தையற்காரர் எழுந்து நின்று மூக்கைச் சிந்தினார்.

திங்கள் காலை மச்சான் பந்தயத்துக்கான கடைச் சட்டையைக் கையோடு மடித்து எடுத்துக்கொண்டே வந்தார். மேஜையில் பரத்திக் கிடந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன மாப்ள, தையற்காரன் வீட்டுல கம்ப்யூட்டர் அம்மணமா உக்காந்திருக்கு? இது செல்லாது!"

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு முயல் வரைந்துகொண்டிருந்தாள். "இது ட்ரையல் மாமா. ட்ரையல் பாக்காம எங்கப்பா எதையும் முடிச்சுக் குடுக்க மாட்டாரு."

மச்சான் குனிந்து திரையில் இருந்த முயலைப் பார்த்தார். சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டுக் கைகளை விரித்து அளவுக்கு நின்றார். தையற்காரர் வளைவு வளைவாக டேப்பை ஓட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்தார். அளந்து முடித்ததும், நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஜெயிச்சிட்டீங்களே, அதை எதுக்குங்க போடுறீங்க?" என்றாள் மனைவி.

"ஜெயிச்சது அவ. அளவு தப்பா எடுத்தது நான்தானே."

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். தோள் பார்த்தார், காலர் பார்த்தார், திரும்பி முதுகு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன அளவு மச்சான் இது?"

"மீடியம்."

"கை கொஞ்சம் நீளம்" என்றார் தையற்காரர்.

நீளமெல்லாம் இல்லை. சரியாகத்தான் இருந்தது.